மரம் – ஒரு தொகுதி

1

போன வாரம் புதன்கிழமை ஈப்போ குடிநுழைவு அலுவலகத்தில் எண்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த ஊருக்கு வந்து பதினான்கு வருடமாகிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வேலை விசாவைப் புதுப்பிக்க இங்கே வந்து, நான் இன்னும் தேவைப்படுகிற ஆள்தான் என்று கம்பெனி எழுதிக் கொடுத்த கடிதத்தைக் காட்டி, விரல் ரேகை வைத்துவிட்டுப் போக வேண்டும். அந்தக் கருவிக்கு என் வலது கட்டைவிரலை என்றுமே பிடித்ததில்லை. சட்டையில் துடைத்துத் துடைத்து வைத்தாலும் சிவப்பு விளக்குதான் எரியும். கவுண்டரில் இருக்கும் பெண் "செக்காலி லாகி" என்பார். இன்னொரு தடவை வையுங்கள் என்று அர்த்தம். சலிக்காமல் சொல்வார்.

அப்போதுதான் கைப்பேசியில் செய்தி வந்தது. "வணக்கம் சார். பாலம் திறந்து இன்னியோட ஒரு வருசம். அந்தக் கடிதம் எழுதிட்டீங்களா? வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கணும்லா."

அனுப்பியவர் வாசுகி டீச்சர். தெலுக் இந்தான் பக்கம், ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்து இப்போது முழுக்கப் பாமாயில் தரும் செம்பனையாகிவிட்ட இடத்தில், ஒரு சின்னத் தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியை. நானாக எழுத முன்வந்த கடிதம் அல்ல அது. மூன்று வாரத்துக்கு முன்பு அவரே போன் செய்து கேட்டது. ஒரு பக்கம் போதும் என்றார். அவருடைய பள்ளியில் பிள்ளைகள் ஏன் குறைந்தார்கள் என்று மேலிடத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். தக்க காரணம் காட்டினால் இன்னும் ஒரு வருடம் அவகாசம். காட்டாவிட்டால் பள்ளியின் உரிமத்தை வேறெங்கோ ஒரு புதிய வீடமைப்புப் பகுதிக்கு மாற்றிவிடுவார்கள். காரணம் எனக்குத் தெரியும். காரணமே நான்தான். அந்தப் பாலத்து வேலைக்கு நாள் குறித்தவன் நான்.

"இன்னிக்கு எழுதிடறேன் டீச்சர்" என்று பதில் போட்டேன். மூன்று வாரமாக அதே பதிலைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

2

ஊரில் யாராவது "வெளிநாட்டில் என்ன வேலை?" என்று கேட்டால் இன்ஜினியர் என்று சொல்லி முடித்துக்கொள்வேன். உண்மையில் நான் செங்கல்லைத் தொடுவதில்லை. எந்த வேலைக்குப் பின் எந்த வேலை, எத்தனை நாள், எத்தனை ஆள் என்று கோடு போடுவதுதான் என் பிழைப்பு. சாலை, பாலம், மதகு எதுவானாலும் முதலில் என் கணினித் திரையில்தான் கட்டப்படும்.

சிவப்புக் கோடு என்றால் ஒரு நாள் தள்ளிப்போனாலும் மொத்த வேலையும் ஒரு நாள் தள்ளிப்போகும். நீலக் கோடு என்றால் அவசரமில்லை, தள்ளிப்போடலாம். எவ்வளவு தள்ளிப்போடலாம் என்பதற்கு எங்கள் தொழிலில் ஃப்ளோட் என்று பெயர். ஒரு வேலையை வேறொரு வேலை காத்துக்கொண்டிருந்தால் அதற்கு மிச்ச நாள் குறையும். யாருமே காத்திருக்கவில்லை என்றால் கடைசி நாள் வரை தள்ளிக்கொண்டே போகலாம். கணினி ஒன்றும் சொல்லாது.

அந்தப் பாலத்துக்கு வருவோம். பழைய பாலம் தோட்டத்துத் துரை காலத்தது, இரும்புத் தூண்கள் துருவேறி இற்றுப்போனது. பாதியை மூடிப் பாதியைக் கட்டினால் பதினோரு மாதம். மொத்தமாக மூடிவிட்டால் ஏழு மாதம். வேலை கொடுத்தவர்களுக்கு மழைக்கு முன்னால் ஆற்றுக்குள் இருக்கும் தூண்கள் எழும்ப வேண்டும். என் மேலாளர் லிம்முக்கு அந்த ஆட்களை அடுத்து பீடோர் பக்கம் ஒரு மதகு வேலைக்கு அனுப்ப வேண்டும். பெரிய கிரேன் மூன்று நாளைக்குத்தான் வாடகைக்குக் கிடைக்கும். செம்பனை முதலாளிகளுக்கு அவர்கள் பழ லாரி ஒரு நாள்கூட நிற்கக் கூடாது. வெட்டிய பழம் உடனே ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெய் கெட்டுவிடும். அவர்கள் வாரம் ஒரு கடிதம் எழுதினார்கள். ஒவ்வொரு கடிதத்தையும் நான் அட்டவணையில் ஒரு கோடாக மாற்றி, அதை இன்னொரு கோட்டோடு கட்டினேன்.

யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் கேட்டது நியாயம்தான். நாலு பக்கமும் இழுக்கும்போது எந்தப் பக்கத்தை விடுவது என்று பார்ப்பதுதான் என் வேலை, அதில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கு ஒரு நினைப்பு.

3

மொத்தமாக மூட வேண்டுமென்றால் அங்கே இருப்பவர்கள் ஆட்சேபணை இல்லையென்று கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு முறை லிம் ஆள் அனுப்பினார். மலாயில் பேசினார்கள், யாரும் போடவில்லை. "நீ போ. உன் ஆட்கள்தானே" என்றார் லிம்.

பள்ளி மண்டபத்தில்தான் கூட்டம். நான் நினைத்ததைவிட அதிகம் பேர் வந்திருந்தார்கள். தோட்டம் மூடிய பிறகு பெரும்பாலான குடும்பங்கள் ஆற்றுக்கு இந்தப் பக்கம் சாலையோரத் தாமானுக்கு, அதாவது சிறிய வீட்டு வரிசைக்கு, குடிவந்துவிட்டன. பள்ளி மட்டும் பழைய தொழிலாளர் லயங்கள் இருந்த இடத்தில், அந்தப் பக்கமே நின்றுவிட்டது. காலையில் குமரண்ணன் என்பவர் தன் வேனில் பிள்ளைகளை ஏற்றிப் பாலம் தாண்டிக் கொண்டுபோய் விடுவார். மொத்தம் பத்தொன்பது பிள்ளைகள்.

சண்டை போடத் தயாராகப் போயிருந்தேன். ஆனால் முதலில் கேட்டது "சார் பசியாறிட்டீங்களா?" என்பதுதான். மீ கோரெங் என்கிற வறுத்த நூடுல்ஸும் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். நான் 'டிபன் ஆச்சு' என்று சொன்னதைக் கேட்டு இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "தமிழ்நாட்டுச் சாரா? எங்க தாத்தாவும் அந்தப் பக்கம்தான், எந்த ஊருன்னுதான் தெரியாது" என்றார் ஒருவர். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தச் சந்தோஷத்தை நான் பயன்படுத்திக்கொண்டேன்.

குமரண்ணன்தான் எழுந்தார். "மூடுங்க சார், நாங்க வேணாங்கல. ஏழு மாசந்தானே. ஆனா சுத்துப்பாதை இருபத்திரண்டு கிலோமீட்டர். செம்பனைக்குள்ள மண் ரோடு. மழை பேஞ்சா வேன் போவாது. அப்புறம் எனக்கு ஃபேக்டரி ஆளுங்கள வேற ஏத்தணும். ரொம்ப சூசா, கஷ்டம் சார். பிள்ளைங்க நடந்து போற மாதிரி ஒரு சின்னப் பாலம் போட்டுக் குடுத்துருங்க. நான் தாமான் பக்கக் கரையில எறக்கி வுட்டுர்றேன். அங்கேருந்து பத்து நிமிசம்லா, நடந்துரும்ங்க."

"அது பிரச்சினையே இல்லண்ணே. மரம் வாங்கிப் போட்டா நாலு நாள் வேலை. மூடறதுக்கு முன்னாடியே போட்டுடறோம்" என்றேன்.

"எழுத்துல வேணுமா?" என்று ஒரு அக்கா மெதுவாகக் கேட்டார்.

"எதுக்குலா. சாரே சொல்றாரு" என்றார் குமரண்ணன். எல்லோரும் வரிசையில் வந்து கையெழுத்துப் போட்டார்கள்.

4

எனக்கு இது தெரியாமல் இல்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் ஆற்றுப்பாலத்தை இடித்துக் கட்டியபோது நான் ஏழாம் வகுப்பு. கான்ட்ராக்டர் வந்து இறங்கியதும் கடப்பாரையை எடுக்கவில்லை. முதலில் பனைமரத்தைப் பிளந்து ஆற்றின் குறுக்கே போட்டு, ஒரு பக்கம் கயிறு கட்டினார்கள். அதற்கப்புறம்தான் பழைய பாலத்தில் கை வைத்தார்கள். ஒன்றரை வருடம் அதில்தான் பள்ளிக்கூடம் போனேன். ஒரு செருப்பை ஆற்றில் விட்டதற்கு அப்பாவிடம் முதுகில் வாங்கியதும் அந்தப் பாலத்தால்தான். அந்தக் கான்ட்ராக்டர் பெயர் யாருக்கும் தெரியாது. அவர் எந்தத் திரையிலும் கோடு போட்டிருக்க மாட்டார். அந்தப் பனைமரம் இல்லாமல் போயிருந்தால் நான் இன்ஜினியரிங் கல்லூரி வாசலைப் பார்த்திருப்பேனா என்பது சந்தேகம்தான்.

5

மரம் வந்தது. நல்ல கனமான பலகைகள். பாலத்துக்குப் பக்கத்தில் அடுக்கி, நீலத் தார்ப்பாய் போட்டு மூடிவைத்தார்கள். அட்டவணையிலும் ஏற்றினேன்: 'தற்காலிக நடைபாலம், நான்கு நாள். மரம் – ஒரு தொகுதி.'

அதை எதனோடும் கட்டவில்லை. 'இது முடிந்தால்தான் பழைய பாலத்தை மூடலாம்' என்று ஒரே ஒரு இணைப்புப் போட்டிருந்தால் போதும், அந்தக் கோடு சிவப்பாகியிருக்கும், யாரும் அதைத் தாண்டிப் போயிருக்க முடியாது. போட்டிருந்தால் தொடக்க நாள் ஒரு வாரம் தள்ளியிருக்கும், கிரேன் நாளோடு மோதியிருக்கும். அப்போது எனக்கு அது தெரியும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன்.

பாலத்தை மூடிய வாரம், தச்சு ஆட்கள் தூண் வேலையில் இருந்தார்கள். அடுத்த வாரம் அவர்களை எடுக்கலாம் என்றிருந்தேன், செம்பனை அலுவலகத்திலிருந்து சுற்றுப்பாதையில் லாரி திரும்பும் இடம் குறுகல் என்று கடிதம் வந்தது, அங்கே அனுப்பினேன். மூன்றாவது தடவை மழை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அட்டவணையைத் திறந்து அந்த நீலக் கோட்டைச் சுட்டியால் பிடித்து வலப்பக்கம் இழுத்துவிடுவேன். இழுக்கும்போது கை கனக்கவே இல்லை. பழம் அழுகினால் கடிதம் வருகிறது, பிள்ளைகள் வராமல் போனதற்கு எந்தக் கடிதமும் வரவில்லை.

குமரண்ணன் இரண்டு தடவை போன் செய்தார். "சார், மரம் கெடக்குது, ஆளுதான் காணோம்" என்றார். "அடுத்த வாரம்ணே" என்றேன். மூன்றாவது தடவை அவர் கூப்பிடவில்லை. எனக்கு ஆறுதலாக இருந்தது.

நான்காம் மாதம் மேஸ்திரி, இங்கே மண்டோர் என்பார்கள், போன் செய்தார். தளம் வார்க்கப் பலகை போதவில்லை, அந்த மரம் சும்மாதான் கிடக்கிறது, எடுத்துக்கொள்ளட்டுமா என்றார். தளம் வார்ப்பது சிவப்புக் கோடு. எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பிள்ளைகள் நடக்க வேண்டிய பலகைகளின் மேல்தான் அந்தப் பாலத்தின் கான்கிரீட்டை ஊற்றினோம்.

குறித்த நாளுக்கு மூன்று வாரம் முன்னதாகவே வேலை முடிந்தது. திறப்பு விழாவில் என்னை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு கண்ணாடித் தட்டுக் கொடுத்தார்கள். அது எங்கள் வீட்டு வரவேற்பறையில் இருந்தது. இப்போது துணி அலமாரிக்கு மேல் இருக்கிறது.

6

பத்தொன்பது பிள்ளைகளில் முதல் மாதமே ஐந்து பேர் வேறு பள்ளிக்குப் போய்விட்டார்கள். சில அப்பாக்கள் விடிவதற்கு முன் எழுந்து மோட்டார் சைக்கிளில் பிள்ளையை முன்னால் உட்காரவைத்துச் செம்பனைக்குள் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். மழை தொடங்கியதும் பெரும்பாலோர் அதையும் நிறுத்திவிட்டார்கள், எஞ்சியது ஐந்து பிள்ளைகள். கொஞ்ச நாளைக்கு என்றுதான் எல்லோரும் மாற்றினார்கள். ஆனால் பிள்ளைக்குப் புதுச் சட்டை, புதுக் கூட்டாளி என்று ஆனபின் யார் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள்? பாலம் திறந்ததும் திரும்பி வந்தது இரண்டு பேர். இப்போது ஏழு பிள்ளைகள். இந்த வருடம் முதல் வகுப்பில் ஒருவரும் சேரவில்லை.

இதையெல்லாம் வாசுகி டீச்சர் போனில் சொன்னார். குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை, எண்களை ஒப்பிப்பதுபோல் சொன்னார். "பெத்தவங்க தமிழ்ப்பள்ளி வேணாம்னு போவல சார். வழி இல்லாமதான் போனாங்க. அத வெளி ஆளு ஒருத்தர் எழுதிக் குடுத்தா நம்புவாங்க. நீங்கதானே நாள் குறிச்சீங்க."

அடுத்தவர் பள்ளியைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை என்றும் யோசித்தேன். என் மகள் நிலா, பதின்மூன்று வயது, ஈப்போவில் தனியார் பள்ளியில் படிக்கிறாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்புக்கு இரண்டு வருடம் அனுப்பினோம். பிறகு நீச்சல் வகுப்பு அதே நேரத்தில் வந்தது. தமிழ் வகுப்பைத் தள்ளிப்போட்டோம். அதுவும் நீலக் கோடுதான், யாரும் அதற்காகக் காத்திருக்கவில்லை.

7

செவ்வாய்க்கிழமையே, அதாவது அந்தச் செய்தி வருவதற்கு முதல் நாள், லிம்மிடம் கேட்டிருந்தேன். அவர் மேசையில் என் குடிநுழைவுக் கடிதம் கையெழுத்துக்குக் கிடந்தது. சரியான நேரம் பார்த்துத்தான் கேட்டேன் பாருங்கள்.

லிம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நடைபாலம் கட்டவில்லை என்று கம்பெனித் தாளில் எழுதினால் நாளைக்கு எவன் வேண்டுமானாலும் வழக்குப் போடுவான். கம்பெனித் தாளில் வேண்டாம்" என்றார். கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "உன் சொந்தப் பெயரில் எழுதினால் எனக்குத் தெரியாது. ஆனால் மேலே யாருக்காவது தெரிந்தால், அடுத்த தடவை இந்தக் கடிதத்தில் நான் கையெழுத்துப் போட முடியாமல் போகலாம். யோசித்துக்கொள்" என்றார். பேனாவை எடுத்து என் குடிநுழைவுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நல்ல மனிதர்தான். அந்தக் கடிதத்தைத்தான் மறுநாள் எடுத்துக்கொண்டு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். கட்டைவிரல் ஐந்தாவது தடவையில் பச்சை காட்டியது.

வீட்டுக்கு வந்ததும் சாப்பிடக்கூட இல்லை, எழுத உட்கார்ந்தேன். மலாயில் எழுத வேண்டும். பதினான்கு வருடத்தில் என் மலாய் கடைக்குப் போய்ச் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான் வளர்ந்திருக்கிறது. நிலாவைத் திருத்தச் சொன்னேன். அவள் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு படித்தாள்.

"அப்பா, எழுத்துப் பிழை நெறைய இருக்கு. அது பரவாயில்ல. ஆனா பாலம் கட்டலைன்னு இருக்கு, மரம் இருந்துச்சுன்னு இருக்கு. யாரு கட்டாம விட்டதுன்னு எங்கயுமே இல்லையே."

"அது தேவையில்லம்மா."

"அப்ப இத யாரு படிச்சாலும் மழையாலன்னுதான் நெனைப்பாங்க." திரும்ப ஒருமுறை படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீங்களா அப்பா?"

"ஆமா."

அவள் ரப்பரை எடுத்து என் பிழைகளை ஒவ்வொன்றாக அழித்துத் திருத்தினாள். கடைசியில் பாதி வெற்றுத் தாளை என் பக்கம் தள்ளி, "நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன்" என்றாள். நான் சொன்னேன். மூன்று தடவை தள்ளிப்போட்டது, மரத்தை வேறு வேலைக்குக் கொடுத்தது, எல்லாவற்றையும் ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

8

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு நானே எடுத்துக்கொண்டு போனேன். பாலத்தில் காரை ஓட்டும்போது ஒரு குலுங்கல் இல்லை. நல்ல வேலை, அதில் குறை சொல்ல முடியாது.

வாசுகி டீச்சர் வகுப்பில் இருந்தார். ஏழு பிள்ளைகளும் ஒரே அறையில், நான்கு வகுப்பாக, தனித்தனிக் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் நின்றபடியே கடிதத்தையும், நடைபாலத்துக் கோடு எப்படி வாரா வாரம் நகர்ந்தது என்று காட்டும் அட்டவணைத் தாள்களையும் நீட்டினேன். அவர் நின்றுகொண்டே முழுக்கப் படித்தார்.

"வேலைக்கு ஒண்ணும் ஆயிறாதே சார்?" என்றார் முதலில்.

"தெரியல டீச்சர்."

தலையை ஆட்டினார். "இதுல இருக்கிறதெல்லாம் எங்களுக்குத் தெரியும் சார். பிள்ளைங்க ஆத்தங்கரையில நின்னு மரத்தையே பாக்கும்ங்கலா. மரம் எறங்குன அன்னைக்கே ஓடிப்போய் எண்ணிட்டு வந்துருச்சுங்க. எப்பப் பாலம் போடுவாங்க டீச்சர்னு தெனம் கேக்கும்ங்க. சரி, எண்ணிக்கிட்டே இருங்கன்னு விட்டேன். அப்புறம் பலகை கொறைய ஆரம்பிச்சிருச்சு. ரெண்டாம் வகுப்புக்கு அப்பக் கழித்தல் கணக்கு நடத்திக்கிட்டு இருந்தேன். இன்னிக்கு எத்தனை இருக்கு, எத்தனை போச்சு, மீதி எத்தனைன்னு அதையே எழுதச் சொன்னேன். பாலம் போடுறதுக்குத்தான் எடுக்குறாங்கன்னு நானும் நெனைச்சேன் சார். பதினொண்ணு மிச்சம் இருந்தப்ப அந்தக் கணக்க நிறுத்திட்டேன்."

மன்னிப்பு என்ற வார்த்தையை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த எனக்கு, அங்கே வைத்து அதை எடுக்கக் கூச்சமாக இருந்தது.

டீச்சர் தாளைத் திருப்பி, ஒரு வரியில் விரல் வைத்தார். "இங்க 'மரம், ஒரு தொகுதி'ன்னு போட்டிருக்கீங்க. எத்தனைன்னு போடலாமே. எண்ணிக்கை இருந்தா அவங்க நம்புவாங்க."

"எத்தனைன்னு எனக்குத் தெரியாது டீச்சர். எங்க கணக்குல அப்படித்தான் இருக்கும்."

"அறுபத்து நாலு" என்று உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. சன்னலோரம் உட்கார்ந்திருந்த சிறுமி. நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்கிற பழக்கத்தில் சொன்னதுபோல்தான் இருந்தது.

டீச்சர் தன் பேனாவைக் கொடுத்தார். 'ஒரு தொகுதி' என்பதை ஒரு கோட்டால் அடித்து, மேலே அறுபத்து நான்கு என்று எழுதி, திருத்தத்துக்குப் பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டேன்.